கணவாயின் இரு கரைகள்: எந்தத் தவளை, எந்த ஓணான், எந்த மலையில் என்று பதிவு செய்யத் தொடங்குவோருக்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் வழியில், பனைகளுக்கு நடுவே ஒரு வரப்பின் மேல் ஏறி நின்றால், மழை ஓய்ந்த காலைகளில் இரண்டு மலைத்தொடர்களை ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். தெற்கே நெல்லியாம்பதியும் அதன் பின்னால் ஆனைமலையும் நிற்கின்றன. வடக்கே வாளையாற்று மலைகளும் அவற்றுக்கு அப்பால் சிறுவாணி, நீலகிரி வரை நீளும் தொடரும் நிற்கின்றன. இடையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 முதல் 300 மீட்டர் உயரத்தில் கிடக்கும் வெயில் நிலமே பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் 1,600 கிலோமீட்டர் நீளத்தில் இதைவிடப் பெரிய இடைவெளி வேறில்லை. நமக்கு அது பேருந்தும் ரயிலும் போகும் சமதளப் பாதை. 2,000 மீட்டர் உயரத்துச் சோலைக்காட்டில் ஈரமான இலைச்சருகுக்கு அடியில் வாழும் ஒரு தவளைக்கோ அது கடக்க முடியாத கடல்.

எந்த உயிர் எங்கே வாழ்கிறது, எங்கே வாழவில்லை, ஏன் அப்படி என்று கேட்பதே உயிர்ப்புவியியல். பறவையை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டால் விடை எளிதில் சிக்காது. ஒரு பறவை ஒரு காலைப்பொழுதில் கணவாயைக் கடந்துவிடும். தவளைக்கு நீர் கசியும் மெல்லிய தோல். ஓணானும் பாம்பும் தம் உடல் வெப்பத்தை வெளியிலிருந்து பெறுபவை. இடத்தின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் கட்டுப்பட்ட இவ்வுயிர்கள் நின்ற இடத்தில் நின்றுவிடுகின்றன. அதனால் நிலத்தின் பழைய வரலாறு இவற்றின் வாழிடப் படத்தில் அழியாமல் தங்கியிருக்கிறது. பாலக்காட்டுச் சிற்றூர், பொள்ளாச்சி, வாளையாறு, கம்பம், செங்கோட்டை எனக் கேரள-தமிழ்நாட்டு எல்லையோரத்தில் வாழும் தமிழர்களுக்கு இந்த வரலாறு வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. அதைப் படிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. ஒழுங்கான குறிப்பேடும் பொறுமையும் வேண்டும்.

முதலில் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்துக் குவிப்பது தொடக்கமாகாது. முதல் ஆண்டுக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: கணவாயின் தென்கரையில் நான் காண்பது வடகரையிலும் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே கிடைத்துள்ள விடைகளில் சிலவற்றை அறிந்துகொண்டால், எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாகும்.

ஊட்டியின் வேலியோரப் புதர்களில் பிடரியில் முட்கொண்டை உடைய ஒரு மலை ஓணான் வாழ்கிறது; அதன் அறிவியல் பெயர் சாலியா ஹார்ஸ்ஃபீல்டியை. கொடைக்கானலிலும் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளிலும் இருப்பது அதே பேரினத்தைச் சேர்ந்த சாலியா ஆனமலையானா என்னும் வேறோர் இனம். இரண்டும் குளிர்ந்த உயர்மலைக்கு உரியவை. ஒன்று கணவாயில் இறங்கி மற்றதன் மலைக்கு ஏறிவிட முடியாது. மரத்தவளைகளிலும் இதே கதைதான்: நீலகிரியின் ஓடைகளில் காட்டிக்ஸாலஸ் வேரியபிலிஸ் வாழ்கிறது, தென்கரையின் உயர்மலைகளில் அதன் உறவான காட்டிக்ஸாலஸ் ஆஸ்டெராப்ஸ் வாழ்கிறது. பின்னது தனி இனம் என்று விளக்கப்பட்டது 2008-இல்தான். பெருஞ்செதில் குழிவிரியன் என்னும் பாம்பு கணவாய்க்குத் தெற்கே மட்டுமே காணப்படுகிறது. இந்த இணைகள் மனத்தில் பதிந்துவிட்டால், நெல்லியாம்பதியில் கேட்ட ஒரு குரலைச் சிறுவாணிப் பக்கத்திலும் கேட்கும்போது, அது அதே தவளைதானா என்ற ஐயம் தானாக எழும். அந்த ஐயமே இத்துறைக்குள் நுழையும் வாசல்.

எல்லா உயிரும் கணவாயால் பிரிக்கப்படுவதில்லை என்பதையும் உடனே நினைவில் கொள்ள வேண்டும். தோட்டத்து ஓணானுக்கும், தேரைக்கும், வயல்வெளிப் பெருந்தவளைக்கும், சாரைக்கும் இந்த வெயில் நிலமே வீடு. அவற்றுக்குக் கணவாய் ஒரு பாதை, மலைகள்தாம் தடை. ஒரே நிலம் ஒன்றுக்கு மதிலாகவும் மற்றொன்றுக்கு வாயிலாகவும் இருப்பதை நேரில் காண இதைவிட நல்ல இடம் தென்னிந்தியாவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வரைபடத்தில் ஒரு கோடு

அடுத்து, உங்கள் பகுதியின் உயரக்கோட்டு வரைபடம் ஒன்றைப் பெறுங்கள். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள் சிறந்தது. அதில் 300, 900, 1,500 மீட்டர் உயரக்கோடுகளை மூன்று நிறங்களில் வரைந்துகொள்ளுங்கள். பலருக்கு இந்த ஒரு மணி நேர வேலையே கண்ணைத் திறந்துவிடும். 1,500 மீட்டருக்கு மேலுள்ள பகுதிகள் வரைபடத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தீவுகளாகத் தெரியும். அவ்வளவு உயரத்தில் மட்டும் வாழும் தவளைக்கு அவை உண்மையிலேயே தீவுகள்தாம். ராவோர்செஸ்டஸ் ரெஸ்ப்ளெண்டென்ஸ் என்னும் செம்புதர்த்தவளை 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் உச்சிப் புல்வெளியை ஒட்டி, சில சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் அடங்கி வாழ்கிறது.

அரசியல் எல்லைக்கோட்டை அந்த வரைபடத்தில் வரையாமல் விடுவது நல்லது. கேரளம் என்றால் ஈரம், தமிழ்நாடு என்றால் வறட்சி என்று நம்மில் பலர் பழகிவிட்டோம். மறையூருக்குக் கீழே கேரள எல்லைக்குள் இருக்கும் சின்னாறு மழைமறைவுப் பகுதி. முட்காட்டுக்கு உரிய நட்சத்திர ஆமை அங்கே வாழ்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறோ தென்னிந்தியாவில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. தவளை மாநிலத்தைப் பார்ப்பதில்லை. மழை எந்தச் சரிவில் விழுகிறது என்பதையே பார்க்கிறது.

பின்பு, நீங்கள் எளிதில் திரும்பத் திரும்பப் போகக்கூடிய ஒரு சாலையைத் தேர்ந்து, அதில் நான்கு அல்லது ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை இணைக்கும் வழியே உங்கள் கோடு. என்னுடைய கோடு சிற்றூர் வட்டத்தின் கரிசல் வயலில் ஒரு குளத்தங்கரையில் தொடங்கி, நெம்மாறை வழியாகப் பொத்துண்டி அணையின் அடிவாரத்தைத் தொட்டு, நெல்லியாம்பதி ஏற்றத்தில் ஓர் ஓடைப்பாலத்தையும், மேலே உரிமையாளரின் அனுமதி பெற்ற ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தையும் அடைந்து முடிகிறது. ஐம்பது இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட ஐந்து இடங்களுக்குப் பத்துமுறை போவது மேல். ஒரு தவளை ஓரிடத்தில் இல்லை என்று சொல்லும் உரிமை, அங்கே பலமுறை, பல பருவங்களில், மழை இரவுகளில் தேடியவருக்கே உண்டு.

காதைப் பழக்குதல்

‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பது நாம் அறிந்த பழமொழி. மணலுக்குள் புதைந்து கிடக்கும் தவளை கத்தித் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பது அதன் நேர்ப்பொருள். கோடை முழுவதும் மண்ணுக்குள் மறைந்து, முதல் பெருமழையில் வெளியே வந்து கத்தும் வளைத்தவளைகள் நம் வயல்களில் இன்றும் இருக்கின்றன. ஆண் தவளை மட்டுமே அப்படிக் கூவும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குரல். எனவே நீங்கள் முதலில் கற்க வேண்டியது உருவத்தை அன்று, குரலை.

வீட்டிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் ஊர்க் குளத்திலும் வயலிலும் கிணற்றடியிலும் கேட்கும் ஐந்து குரல்களைச் செல்பேசியில் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தவளையைக் கைவிளக்கொளியில் கண்டு உறுதி செய்யுங்கள். இதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆகலாம், அவசரப்பட வேண்டாம். சமவெளியின் ஐந்து குரல்கள் கைவந்தபின் மலையேறினால், புதிய குரல் புதியதாகவே காதில் விழும்.

நெல்லியாம்பதியில் ஒரு ஜூலை இரவில் நான் முதன்முதலாகப் பொறுமையாக உட்கார்ந்து கேட்ட புதர்த்தவளையைச் சொல்கிறேன். காப்பிச் செடியின் இலையொன்றில், என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய உடம்போடு அது அமர்ந்திருந்தது. தொண்டைப் பை முழுவதும் ஊதி, உடம்பின் பாதி அளவுக்கு, விளக்கொளியில் ஊடுருவித் தெரிந்தது. நாணயத்தால் கண்ணாடியைத் தட்டினாற்போல் ‘டிக், டிக், டிக்’ என்று மூன்று தட்டு, பிறகு இடைவெளி, மறுபடி மூன்று. செடியின் அடியில் சருகை மெல்ல விலக்கியபோது பளிங்குபோன்ற சில முட்டைகள் இருந்தன; ஒன்றினுள் கால் முளைத்த முழுத்தவளைக் குஞ்சு ஒன்று திரும்பிப் படுத்தது. இந்தப் புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து நேராகத் தவளையே வெளிவரும். குட்டையும் ஓடையும் தேவையில்லை என்பதால் மலைமுகட்டில்கூட அவற்றால் வாழ முடிகிறது. முட்டை காயாத ஈரம் எப்போதும் வேண்டும் என்பதால் கணவாயைக் கடக்க முடியவில்லை. ராவோர்செஸ்டஸ் என்னும் இந்தப் பேரினம் மலைக்கு மலை இத்தனை இனங்களாகப் பிரிந்து நிற்பதற்கான காரணத்தை அந்த ஒரு முட்டைக்குள் நான் பார்த்தேன். சருகை இருந்தபடியே மூடிவிட்டு வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எப்போது போவது

தவளைகளுக்கு இருட்டியபின் முதல் இரண்டு மணி நேரமே சிறந்தது. ஓணான், அரணை, உடும்பு ஆகியவற்றுக்கு வெயில் ஏறும் காலை ஒன்பது மணியை ஒட்டிய நேரம்.

மாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லையோரத்தில் இரண்டு பருவமழைகள் சந்திக்கின்றன: மேற்குச் சரிவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், கிழக்குச் சரிவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஊதாத் தவளையே சான்று. ஆண்டு முழுவதும் மண்ணுக்கு அடியில் கறையானைத் தின்று வாழ்ந்து, இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் மேலே வரும் இத்தவளையை, 2003-இல் எஸ். டி. பிஜுவும் ஃபிராங்கி பாசுயிட்டும் இடுக்கி மலைகளிலிருந்து நாசிகாபாட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்னும் பெயரில் அறிவித்தார்கள். அதன் பேரினத்துக்கு வெளியே, அதன் மிக நெருங்கிய உறவுகள் இந்தியாவில் இல்லை. கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்து, சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததை நம் மலை மண்ணுக்குள் இருந்துகொண்டு அது சொல்கிறது. மலையாளிகள் அதைப் பாதாளத்தவளை என்றும் மாவேலித்தவளை என்றும் அழைக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை பாதாளத்திலிருந்து மேலே வரும் மாவேலி மன்னனை நினைத்து வைத்த பெயர்.

2017-இல் இதே பேரினத்தின் இரண்டாம் இனம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிழக்குச் சரிவிலிருந்து விளக்கப்பட்டது. கோவையில் பணியாற்றி, 2014-இல் களப்பணியின்போது மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக நாசிகாபாட்ராகஸ் பூபதி என்று அதற்குப் பெயரிட்டார்கள். மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவத்தின் தொடக்க மழைகளில் மேலே வரும். கிழக்குச் சரிவின் தவளை வடகிழக்குப் பருவத்தில் வரும். ஒரே மலையின் இரு சரிவுகள்; நடுவே சில கிலோமீட்டர் தொலைவு; ஆனால் மழையின் நாட்காட்டியே அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் இடம் எந்தச் சரிவில் இருக்கிறது என்பதை அறிந்து, அந்தச் சரிவின் மழைக்குப் போங்கள்.

குறிப்பேட்டில் என்ன இருக்க வேண்டும்

என் முதல் இரண்டு ஆண்டுகளின் குறிப்பேடுகளில் ‘நெல்லியாம்பதி, புதர்த்தவளை, நல்ல மழை’ என்பது போன்ற வரிகளே நிறைந்திருக்கின்றன. எந்த உயரம், எத்தனை மணி, தோட்டமா காடா, ஒன்றா ஐம்பதா என்று எதுவும் இல்லை. அவற்றில் ஒரு வரியைக்கூட இன்று பயன்படுத்த முடியவில்லை. அந்த இரவுகள் திரும்பி வரப்போவதும் இல்லை என்பது எனக்கு இன்னும் வருத்தமே. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சேகரிப்புகளில் ‘மலபார்’ என்றோ ‘ஆனைமலை’ என்றோ மட்டும் எழுதப்பட்ட சீட்டுகள், அந்த உயிர் உண்மையில் எந்த மலையிலிருந்து வந்தது என்று இன்றைய ஆய்வாளர்களைத் திணற வைக்கின்றன. நாம் அதே பிழையைச் செய்ய வேண்டியதில்லை.

நாள், நேரம், செல்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், வாழிடம், மழை பெய்ததா என்பது, எண்ணிக்கை, எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்பது: இவ்வளவும் ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும். தேடிய நேரத்தை எழுதுவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஒன்றும் கிடைக்காத இரவையும் ‘இரண்டு மணி நேரம் தேடினேன், இல்லை’ என்று எழுதுங்கள். ஒரு வாழிடத்தின் விளிம்பு எங்கே என்பதை, கிடைத்த இடங்களும் கிடைக்காத இடங்களும் சேர்ந்தே காட்டும்.

ஊர்ப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் சாரை என்பதை ஓர் ஓடைக்கு அப்பால் மலையாளத்தில் சேர என்பார்கள், ஓணான் அங்கே ஓந்து, கட்டுவிரியன் வெள்ளிக்கெட்டன். காட்டை அறிந்தவர்களின் சொல்லை மதித்துக் கேளுங்கள். பிரம்பு ஆமை என்னும் சிறிய காட்டாமை 1912-இல் கொச்சிப் பகுதிக் காட்டிலிருந்து விளக்கப்பட்டபின், எழுபது ஆண்டுகள் எந்த ஆய்வாளரின் கையிலும் கிடைக்கவில்லை. 1982-இல் ஜெ. விஜயா என்னும் இளம் பெண், காடர் மக்களின் துணையோடு சாலக்குடிக் காடுகளில் தங்கித் தேடி அதைக் கண்டுபிடித்தார். ஆய்வாளர்களுக்குக் காணாமற்போயிருந்த ஆமை காடர்களுக்குக் காணாமற்போகவே இல்லை. இன்று அதன் பேரினத்தின் பெயரே விஜயாகெலிஸ்.

படம் எடுக்கும்போது தவளையின் முதுகு, பக்கவாட்டு முகம், கால்விரல்களின் இடைத்தோல் மூன்றும் தெரியும்படி எடுங்கள்; கூடவே குரல் பதிவும் இருந்தால் அடையாளம் உறுதியாகும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் பதிவுகளைப் பகிரும் இணையதளங்களில் பதிவேற்றலாம். அரிய இனங்களுக்கும் ஆமைகளுக்கும் துல்லியமான இடத்தை மறைத்தே வெளியிடுங்கள். திருடி விற்பவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.

சாலையில் கிடப்பவை

இறந்து கிடக்கும் உயிரும் ஒரு பதிவே. மழைக்கு மறுநாள் காலை மலைச்சாலையில் நடந்தால் கேடயவால் பாம்புகளைக் காணலாம். மண்ணுக்குள் வாழும் இக்குடும்பம் தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஒருமுறை பொத்துண்டிக்கு மேலே, வண்டிச் சக்கரத்தில் அடிபட்ட ஒன்றைக் குனிந்து பார்த்தேன். பென்சில் கனத்தில், கருநீலத்தில் எண்ணெய் பூசினாற்போல் மின்னிய உடல். தலை கூராக ஒடுங்கியிருந்தது. வாலோ கத்தியால் சரிவாக வெட்டினாற்போல் தட்டையாக முடிந்து, சொரசொரப்பான அந்தத் தட்டில் ஒரு கட்டி ஈரமண் ஒட்டிக்கொண்டிருந்தது. தான் துளைத்த வளையின் வாயைப் பின்னாலிருந்து அடைக்கும் மூடி அது. வாலைத் தலையென எண்ணி இருதலைப் பாம்பு என்று பலர் அடித்துக் கொல்கிறார்கள். இது முற்றிலும் நஞ்சற்றது.

சமவெளியில் மனிதன் சுமந்து சென்ற உயிர்களையும் கவனியுங்கள். பூந்தொட்டி மண்ணில் மண்புழுவைப் போல நெளியும் புழுப்பாம்பு, ஆண் துணையின்றிப் பெண்ணே முட்டையிட்டுப் பெருகும் இனம். தொட்டி மண்ணோடு பயணம் செய்து உலகின் வெப்ப நாடுகள் பலவற்றிலும் குடியேறிவிட்டது. காய்கறி லாரிகள் இரவு பகலாக ஓடும் கணவாயில், ஒரு பல்லியைக் கண்டதும் அது தானாக வந்ததா, வாழைத்தாரோடு வந்ததா என்று கேட்பது நியாயமான கேள்வி.

வெயில் நிலத்துக்கு உரியவற்றைக் குறைவாக மதிக்க வேண்டாம். தொண்டையில் விசிறி விரிக்கும் சிற்றோணான்களில் ஒன்றுக்கு 2016-இல் சிடானா விசிறி என்றே பெயரிட்டார்கள். தென்தமிழகத்தின் வயலிலும் கடற்கரையிலும் வாழும் மற்றொன்றுக்கு, நம் திணைப் பெயர்களைக் கொண்டு சிடானா மருதம்நெய்தல் என்று பெயரிட்டார்கள். நிலத்தை வைத்து உயிரை வகுத்த மரபு நமக்குப் பழையது.

சட்டமும் பாதுகாப்பும்

வனத்துறை அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழையக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உயிர்களைப் பிடிப்பதும் சேகரிப்பதும் குற்றம். தோட்ட ஓரம், ஊர்க்குளம், பொதுச்சாலை ஆகியவையே தொடக்கநிலையில் போதும். நெல்லியாம்பதியிலும் வால்பாறையிலும் யானை நடமாட்டம் உண்டு. இருட்டியபின் உள்ளூர்வாசி ஒருவர் இல்லாமல் நடக்காதீர்கள்.

பாம்பை எக்காரணம் கொண்டும் கையால் தொடக் கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே நம் மருத்துவமனைகளில் உள்ள மாற்றுமருந்து தயாரிக்கப்படுகிறது. ரப்பர், காப்பித் தோட்டங்களின் சருகில் கிடக்கும், மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறு குழிவிரியனின் நஞ்சுக்கு அது பயன்படாது. அந்தக் கடியால் சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிந்து, கை வைக்கும் இடத்தில் முதலில் விளக்கை அடியுங்கள். கடிபட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒரு மலையிலிருந்து மறுமலைக்குப் போகுமுன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி வெயிலில் முழுமையாகக் காயவையுங்கள். உலகின் பல இடங்களில் தவளைகளை அழித்த கைட்ரிட் பூஞ்சை ஈரச்சேற்றில் பயணம் செய்யும். தவளைகளால் கடக்க முடியாத கணவாயை நம் காலணிச் சேறு ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும்.

ஆண்டின் முடிவில்

பன்னிரண்டு மாதக் குறிப்புகளை ஒரு தாளில் கட்டம் போட்டு அடுக்குங்கள்: மேலிருந்து கீழாக இனங்கள், இடமிருந்து வலமாக உயரவரிசையில் உங்கள் ஐந்து இடங்கள். எந்த இனத்தின் கட்டம் எந்த உயரத்தில் நின்றுவிடுகிறது என்று பாருங்கள். ஐந்திலும் நிரம்பியிருப்பவை பெரும்பாலும் தேரையும் தோட்டத்து ஓணானுமாக இருக்கும். மேலிரண்டில் மட்டும் நிரம்பியவற்றைத் தனியே எழுதி, குரல் பதிவுகளை ஒழுங்கு செய்யுங்கள். அடுத்த ஜூன் மாதத்தில், அதே உயரங்களில், அதே நேரத்தில், வடகரையில் இரண்டாவது கோட்டைத் தொடங்குங்கள். தென்கரையின் குரல்களைச் செல்பேசியில் கொண்டுபோங்கள்; காட்டில் ஒலிக்கவிட்டு அங்குள்ள தவளைகளைக் குழப்பாமல், வீடு திரும்பியபின் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள்.

எனக்கு மூன்று தட்டாகக் கேட்ட குரல், வடகரையின் முதல் மழை இரவில், ஏறக்குறைய அதே உயரத்தில், நான்கு தட்டாகக் கேட்டது. அது வேறு இனமா, அதே இனத்தின் வேறு தவளையா என்று சொல்ல ஓர் இரவு போதாது. அதற்காகவே இந்த ஜூனிலும் போகிறேன்.